ஐந்தரை மணி நேரப் பொய்

சர்வர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர், தோளில் துண்டும் கையில் நாலு டம்ளர் காப்பியுமாக வருகிற மனிதர்தான். கதைகளில் பாதியை ஹோட்டல் மேஜையில் உட்கார்ந்து எழுதியவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆனால் சென்ற வருஷம் ஆவணி மாதத்தில் வேறொரு சர்வருடன் எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. அது பேசாது, சிரிக்காது. ஓர் இலக்கியச் சங்கத்தின் மாடி அறையில், பழைய பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, இளைப்புக்காரரைப்போல் இரைந்துகொண்டு கிடக்கும் ஓர் இரும்புப் பெட்டி அது. அது சொன்ன ஒரு பொய்யினால் ஏழு பேருடைய கதைகள் படிக்கப்படாமலே ஒதுக்கப்பட்டன. அந்தப் பொய்யின் வேரைத் தேடிக்கொண்டு போனபோது 1906-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி வரையிலும், அதற்கும் அப்பால் நுங்கம்பாக்கத்தில் நிற்கும் ஒரு கருங்கல் தூண் வரையிலும் போக வேண்டியதாயிற்று.

விஷயம் இதுதான். மேற்படி சங்கத்தார் ஒரு சிறுகதைப் போட்டி வைத்தார்கள். கதைகள் ஆகஸ்டு 31-ஆம் தேதி நள்ளிரவுக்குள் மின்னஞ்சலில் வந்து சேரவேண்டும் என்பது நிபந்தனை. நடுவர்களில் நானும் ஒருவன். தாமதமாக வந்தவை என்று ஏழு கதைகளைச் செயலாளர் தனியே எடுத்து வைத்துவிட்டார். நிபந்தனை நிபந்தனைதானே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு டெலிபோன் வந்தது. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண் பேசினார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது.

"ஐயா, ராத்திரி ஒன்பதே முக்காலுக்கெல்லாம் அனுப்பிட்டேன். அனுப்பிட்டுத்தான் பிள்ளைக்குச் சோறு ஊட்டினேன். விடியக்காலம் மூணேகாலுக்கு வந்ததுன்னு சொல்லுதாங்க. மூணேகாலுக்கு நான் எங்க முழிச்சிருந்தேன்?"

செயலாளரிடம் சொன்னேன். அவர் தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பதிவேட்டில் எழுதியிருப்பதற்கு மேல் உலகத்தில் வேறு உண்மை கிடையாது என்ற சித்தாந்தம் உடையவர். "மனுஷா மறந்துபோவா சார். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்றார்.

எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. ஆனால் பிள்ளைக்குச் சோறு ஊட்டிய நேரத்தை ஒரு தாய் மறந்துபோவாள் என்று என்னால் நம்ப முடியவில்லை. என் பால்ய சிநேகிதர் ஒருவருடைய பேரன் இந்தப் பெட்டிகளைச் சீர்செய்வதையே தொழிலாகக் கொண்டவன். அவனைக் கூப்பிட்டேன்.

அவன் வந்ததும் பெட்டியைத் தொடவில்லை. முதலில் அந்தக் கடிதத்தின் தலைப்பகுதியை எடுத்துப் பார்த்தான். நாம் சாதாரணமாகப் பார்க்காத சில வரிகள் ஒவ்வொரு மின்னஞ்சலின் தலையிலும் மறைந்திருக்கின்றனவாம். பழைய தபால் உறையில் அனுப்பிய ஆபீஸ் முத்திரையும் பட்டுவாடா ஆபீஸ் முத்திரையும் இருக்கும் அல்லவா? அதைப்போல, கடிதம் கடந்து வந்த ஒவ்வொரு பெட்டியும் தன் முத்திரையைக் குத்தி நேரத்தையும் எழுதி வைக்கிறது. அனுப்பிய கம்பெனியின் முத்திரை 31-ஆம் தேதி இரவு 9-46 என்றது. சங்கத்தின் முத்திரை மறுநாள் விடியற்காலை 3-16 என்றது.

"நடுவழியில ஐந்தரை மணி நேரம் எங்கே தூங்கிச்சு, தாத்தா?" என்று கேட்டுவிட்டு, தன் கைபேசியிலிருந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினான். கண் மூடித் திறப்பதற்குள் அது வந்துவிட்டது. வந்த நேரம் என்று சர்வர் எழுதியிருந்ததைப் பார்த்தால் இரவு 9-50! எங்கள் மூவர் கைக்கடிகாரத்திலும் அப்போது பிற்பகல் 4-20. ஜன்னலுக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

செயலாளர் தம் கைக்கடிகாரத்தை ஒருமுறை காதில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

பையன் சொன்ன விளக்கத்தை என்னால் இயன்ற வரையில் எழுதுகிறேன். இந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு கடிகாரம் அல்ல, இரண்டு. ஒன்று, தாய்ப்பலகையில் பதித்திருக்கும் சிறு கடிகாரம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே குறைந்த அகலமுள்ள பொத்தான் பேட்டரி ஒன்றின் உதவியால், மின்சாரம் போனாலும், பெட்டியை நிறுத்தினாலும், அது ஓடிக்கொண்டே இருக்கும். இதற்குத்தான் ஹார்டுவேர் கடிகாரம் என்று பெயர். இன்னொன்று, பெட்டி விழித்திருக்கும்போது அதன் மூளை தானே எண்ணிக்கொண்டிருக்கும் கணக்கு. மின்சாரம் போனால் இந்தக் கணக்கு மறைந்துபோகும். மறுபடி விழிக்கும்போது, தூங்கி எழுந்த குழந்தை அம்மாவைக் கேட்பதுபோல், "இப்போது மணி என்ன?" என்று முதல் கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டு எண்ணத் தொடங்கும்.

ஆதியில் இந்த அம்மாவே கிடையாது. 1981-இல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் மேஜைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவை விழிக்கும்போதும் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரிடமே தேதியையும் மணியையும் கேட்டது. 1984-இல் வந்த மாதிரியில்தான் பேட்டரியுடன் ஒரு கடிகாரச் சில்லைப் பதித்தார்கள். அதன் இருதயம் ஒரு சின்னஞ்சிறு குவார்ட்ஸ் படிகம். அது விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. விசித்திரமான எண்தான், ஆனால் பதினைந்து தடவை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றுதான் ஒரு விநாடி. படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினால்கூட மாதத்துக்கு ஏறக்குறைய 52 விநாடி தவறிப்போகும். உஷ்ணம் ஏறினாலோ இறங்கினாலோ அந்தப் பிசகும் மாறும்.

இந்தச் சில்லு வருஷம், மாதம், தேதி, மணி, நிமிஷம், விநாடி எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருக்கிறது. எந்த ஊர் மணி என்பதை மட்டும் வைத்திருப்பதில்லை. அதற்கு அதில் இடமே இல்லை. ஒரு வகைக் கம்ப்யூட்டர்கள் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். யூனிக்ஸ் பரம்பரையில் வந்தவை வழக்கமாக அதைக் கிரீன்விச்சை அனுசரித்த உலகப் பொது நேரம் என்று எண்ணிக்கொண்டு, இந்தியாவில் இருப்பதால் ஐந்தரை மணியைத் தாமே கூட்டிச் சொல்லும்.

சங்கத்துப் பெட்டி இரண்டாவது ஜாதி. ஆடி மாதத்தில் ஒரு நாள் பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. வந்த ஆள் புதிய பேட்டரியைப் போட்டார். நல்ல மனிதர், சிரத்தையாகத் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதே மணியை வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெட்டியில் அந்த இடத்தில் கிரீன்விச் மணியை வைக்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே பெட்டி இந்திய நேரத்தின்மேல் மறுபடியும் ஐந்தரை மணியைக் கூட்டியது. ஆகஸ்டு 31-ஆம் தேதி மாலை 6-30-க்கே அதற்கு நள்ளிரவு ஆகிவிட்டது. மாலை 6-30-க்குப் பிறகு அனுப்பியவர்கள் எல்லோரும் தாமதம்!

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஐந்தரை மணி என்கிறோமே, இந்த எண் எங்கிருந்து வந்தது?

சென்னையில் இருப்பவர்கள் அதற்கு அதிக தூரம் போக வேண்டாம். நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் வளாகத்தில் பழைய வான சாஸ்திரக் கூடத்தின் கருங்கல் தூண் ஒன்று இன்னமும் நிற்கிறது. வில்லியம் பெட்ரி என்ற கும்பெனி அதிகாரி 1786-இல் சொந்தப் பணத்தில் தொடங்கிய ஆராய்ச்சியைக் கிழக்கிந்தியக் கும்பெனியார் எடுத்துக்கொண்டு, 1792-இல் அந்தக் கூடத்தைக் கட்டி முடித்தார்கள். கட்டிடத்தைத் திட்டமிட்டவர் மைக்கேல் டாப்பிங். தொலைநோக்கியைத் தாங்குவதற்காக நிறுத்திய தூணில், பிற்காலத்தவர் அறியட்டும் என்று தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். கும்பெனியாருக்கு நட்சத்திரங்களின்மேல் திடீர்க் காதல் பிறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கரையில் மோதிக் கப்பல் உடைந்தால் நஷ்டம் அவர்களுக்கு. கரை எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டுமானால் தீர்க்கரேகை தெரியவேண்டும். தீர்க்கரேகை தெரியவேண்டுமானால் மணி தெரியவேண்டும்.

1802-இல் அங்கே இருந்த ஜான் கோல்டிங்ஹாம் என்ற வான சாஸ்திரி, சென்னை கிரீன்விச்சுக்கு ஏறக்குறைய 5 மணி 21 நிமிஷம் முன்னால் இருக்கிறது என்று கணக்கிட்டுச் சொன்னார். அதுதான் மெட்ராஸ் நேரம். வான சாஸ்திரக் கூடத்துக் கடிகாரத்தை அனுசரித்துக் கோட்டையில் இரவு 8 மணிக்குப் பீரங்கி வெடிக்கும். ஊரார் தங்கள் கடிகாரங்களைத் திருத்திக்கொள்வார்கள். பிறகு ரயிலும் தந்தியும் வந்தன. கல்கத்தா கடிகாரம் சென்னைக்குச் சுமார் 33 நிமிஷம் முன்னால்; பம்பாய்க் கடிகாரம் சுமார் 30 நிமிஷம் பின்னால். இரண்டுக்கும் நடுவில் இருந்ததாலும், தந்தியில் மணி சொல்ல வான சாஸ்திரக் கூடம் இருந்ததாலும், இந்திய ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. நம் சென்னைக்கு அப்படியும் ஒரு காலம் இருந்திருக்கிறது!

ஆனால் ஊரார் எல்லோரும் இணங்கினார்கள் என்று நினைக்கக் கூடாது. 1881-இல் பம்பாய்க் கவர்னர் பெர்கூஸன், சர்க்கார் ஆபீஸ்களும் மெட்ராஸ் நேரத்தையே அனுசரிக்கவேண்டும் என்று உத்தரவிட்டார். பம்பாய்வாசிகள் கொதித்தெழுந்தார்கள். தங்கள் ஊர்ச் சூரியனை விட்டு மதராஸிச் சூரியனையா பார்ப்பது? 1883-இல் சர்க்கார் பின்வாங்கியது. பிறகு 1906 ஜனவரி முதல் தேதி, எண்பத்திரண்டரைப் பாகைத் தீர்க்கரேகையை வைத்து, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்று தேசம் முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது. நாம் ஒன்பது நிமிஷத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தோம். பம்பாயிலோ ஆலைத் தொழிலாளர்கள் கலகம் செய்தார்கள். நகரசபை பழைய நேரத்தையே வைத்துக்கொண்டு, தேசம் சுதந்திரம் அடைந்த பிறகும் சில வருஷங்கள் விடாமல் பிடித்திருந்தது. கல்கத்தாவும் 1948 வரையில் தன் நேரத்தை விடவில்லை. ஒரே தெருவில் ரயில்வே மணி ஒன்று, நகரசபை மணி ஒன்று. இந்தப் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு கடிகாரங்களின் வழக்கு அன்றைக்கே தெருவில் நடந்திருக்கிறது.

கடிகாரங்களில் எதுவுமே தானாக மணியை அறிவதில்லை. அது எண்ணுகிறது, அவ்வளவுதான். எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை இன்னொரு கடிகாரம் சொல்லவேண்டும். அதற்கு இன்னொன்று. பழைய மாலுமிகளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. ஜான் ஹாரிசன் செய்த நான்காவது கடிகாரம் 1761-இல் ஜமெய்க்காவுக்குப் போனபோது, 81 நாளில் ஐந்து விநாடிதான் தவறியது என்று புகழ்வார்கள். அது நாளொன்றுக்கு இரண்டரை விநாடிக்குச் சற்று அதிகமாகவே பின்தங்கும் கடிகாரம்; அந்தப் பின்தங்கலைக் கழித்த பிறகுதான் ஐந்து விநாடி! தவறு செய்யாத கடிகாரத்தை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஒரே அளவாகத் தவறு செய்யும் கடிகாரத்தைத்தான் விரும்பினார்கள். பையன் எனக்கு ஒரு சிறிய கோப்பைக் காட்டினான். பெட்டிக் கடிகாரம் நாளொன்றுக்கு எத்தனை விநாடி பிசகுகிறது என்பதை மூன்று வரியில் குறித்து வைக்கும் கோப்பு. கப்பல் தலைவனின் குறிப்பேடு இரும்புப் பெட்டிக்குள் குடியேறியிருக்கிறது!

தவறை மறைக்காமல் எழுதிக்கொண்டு நடப்பதையே பிழைப்பாக வைத்திருந்த ஒரு குடும்பமும் உண்டு. கிரீன்விச் வான சாஸ்திரக் கூடத்தில் உதவியாளராக இருந்த ஜான் ஹென்றி பெல்வில், 1836 முதல் ஒரு நல்ல கடிகாரத்தை எடுத்துக்கொண்டு லண்டன் கடிகார வியாபாரிகளிடம் சென்று சரியான மணியைச் சொல்லி வந்தார். 1856-இல் அவர் இறந்தார். விதவை மரியா 1892 வரையில் அதே தொழிலைச் செய்தாள். பிறகு மகள் ரூத். ஜான் ஆர்னால்டு செய்த கடிகாரமாதலால் அதற்கு ஆர்னால்டு என்றே பெயர் வைத்திருந்தாள். திங்கட்கிழமை காலையில் ஆர்னால்டுடன் கிரீன்விச்சுக்குப் போவாள். அங்கே அதைத் திருப்பி வைக்க மாட்டார்கள். எத்தனை பிசகியிருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டோடு லண்டன் தெருக்களில் கடை கடையாக ஏறி இறங்குவாள். பார்ப்பதற்குத்தான் காசு. பால்காரி பால் விற்பதுபோல் இவள் மணி விற்றாள்.

1908-இல், தந்திக் கம்பி வழியாக மணி விற்கும் கம்பெனி ஒன்றின் பிரமுகர் அவளைப் பொதுக் கூட்டத்தில் கேலி செய்தார். பெண் என்பதால்தான் அவளுக்கு வாடிக்கை கிடைக்கிறது என்கிற தொனியில் பேசினாராம். செய்தி பத்திரிகையில் வந்தது. அதனால் அவளுக்கு வாடிக்கைக்காரர்கள் இன்னும் அதிகமானார்கள். கேலி செய்தவரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்கு ஆசை. தந்தி வந்தது, ரேடியோ வந்தது, டெலிபோனில் மணி சொல்லும் குரல் வந்தது. ரூத் 1940 வரையில் நடந்துகொண்டே இருந்தாள். அப்போது வயது எண்பத்தைந்துக்கு மேல்.

இன்று உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கு ரூத் பெல்வில்லாக இருப்பது ஒரு ஏற்பாடு. அதை அமைத்தவர் அமெரிக்காவில் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டேவிட் மில்ஸ். பிறவியிலேயே கண் நோய் உள்ளவர். பிற்காலத்தில் பார்வை முழுதும் போய்விட்டது. 2024 ஜனவரியில் தமது 85-ஆவது வயதில் காலமானார். 1985-இல் அவர் எழுதி வெளியிட்ட விதிகளின்படி, ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைக் கேட்கிறது: "நான் கேட்ட நேரம் இது, என் கேள்வி உமக்கு வந்த நேரம் என்ன? நீர் பதில் அனுப்பிய நேரம் என்ன?" பதில் வந்ததும் தான் பெற்ற நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. நான்கு எண்களை வைத்துக்கொண்டு, வழியில் கழிந்தது எவ்வளவு, தன் பிசகு எவ்வளவு என்று கண்டுகொள்கிறது. ஒருவரை மட்டும் நம்பாமல் பலரைக் கேட்டு, கூட்டத்தோடு ஒட்டாமல் சொல்லும் கடிகாரத்தைப் பொய்யன் என்று ஒதுக்கிவிடுகிறது.

"அப்படியானால் நம் பெட்டியை ஏன் அது திருத்தவில்லை?" என்று கேட்டேன்.

பையன் சிரித்துக்கொண்டே பழைய பதிவுகளைப் புரட்டினான். ஆடி மாதத்தில் பேட்டரி மாற்றிய அன்றைக்கு ஒரே ஒரு வரி இருந்தது. மணி திருத்தும் அந்த வேலைக்காரன் அன்று எழுந்திருக்கிறான், வெளியே விசாரித்திருக்கிறான், வித்தியாசம் 19,800 விநாடி என்று கண்டிருக்கிறான். வித்தியாசம் 1,000 விநாடிக்கு மேல் போனால் இது சாதாரணப் பிசகு அல்ல, வேறு ஏதோ விபரீதம், மனிதர் வந்து பார்க்கட்டும் என்று வேலையை விட்டு விலகிவிடவேண்டும் என்பது அவனுக்கு விதி. ஒரு வரி எழுதி வைத்துவிட்டு விலகிவிட்டான். முதல் தடவை மட்டும் எவ்வளவு பெரிய வித்தியாசமானாலும் திருத்திக்கொள் என்று அனுமதி கொடுக்க வழி உண்டு. அந்த அனுமதி அங்கே கொடுக்கப்படவில்லை. அந்த ஒரு வரியை ஒன்றரை மாதமாக யாரும் படிக்கவில்லை.

செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். "பதிவேட்டில் இருந்திருக்கிறதே!" என்றார். அவருக்கு வலித்தது மணி தவறியது அல்ல என்று எனக்குத் தோன்றியது.

இனித் திருத்துவது எப்படி? நான் நினைத்தேன், பேட்டரிக் கடிகாரத்தை ஐந்தரை மணி பின்னால் தள்ளிவிட்டால் தீர்ந்தது என்று. பையன் கையைப் பிடித்துக்கொண்டான். ஓடிக்கொண்டிருக்கும் தவறான கணக்கு, நிறுத்தும் சமயத்தில் தன் தவறையே பேட்டரிக் கடிகாரத்தில் எழுதிவிட்டுப் படுத்தாலும் படுக்குமாம். ஆகவே வரிசை முக்கியம். கணக்கு முன்னோக்கிப் போவதையே கம்ப்யூட்டர்கள் எதிர்பார்க்கின்றன. நேரம் பின்னால் போனால் தடுமாறிவிடும். சிறு பிசகாக இருந்தால் விநாடிக்கு அரை மில்லி விநாடி வீதம் மெல்லமெல்லத்தான் திருத்துவார்கள். இதுவோ ஐந்தரை மணி. முதலில் கடிதம் வாங்கும் வேலைகளை நிறுத்தினான். பிறகு வெளியே கேட்டு ஓடும் கணக்கைச் சரிசெய்தான். சரியான அந்தக் கணக்கைப் பேட்டரிக் கடிகாரத்தில் எழுதினான். அதன் பிறகே மணி திருத்தும் வேலைக்காரனை, முதல் தடவைக்கான அனுமதியோடு எழுப்பினான். கடைசியில் பெட்டியை நிறுத்தி மறுபடி விழிக்க வைத்துப் பார்த்தான். பேட்டரிக் கடிகாரம் 11-25 என்றது. பெட்டி மாலை 4-55 என்றது. செயலாளருடைய கைக்கடிகாரம் 4-57.

"என்னுதைத் திருப்பி வைக்கணுமாப்பா?" என்றார் செயலாளர்.

ஏழு பேருடைய கடிதங்களின் முத்திரைகளையும் அன்று மாலையே பார்த்தோம். ஆறு நள்ளிரவுக்கு முன் புறப்பட்டவை. ஒன்று மட்டும் நிஜமாகவே தாமதம்: 12 மணி 4 நிமிஷம். அதை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் அரை மணி வாக்குவாதம் நடந்தது. கடைசியில் நிபந்தனை நிபந்தனைதான் என்று முடிந்தது. இப்போதும் அது எனக்கு உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

ஆசிரியையின் கதையை அன்றிரவே படித்தேன். மாட்டு வண்டிக்காரர் ஒருவரும் ரயில்வே கேட்காரர் ஒருவரும் பேசிக்கொள்ளும் கதை. முதல் பரிசு அதற்குக் கிடைக்கவில்லை, மூன்றாவது கிடைத்தது. செயலாளர் அவருக்குத் தம் கையாலேயே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தபாலில் அனுப்பினார். தலைப்பில் தேதியைப் போட்டு, அதன் பக்கத்தில் மாலை 5 மணி 40 நிமிஷம் என்றும் எழுதி, அடைப்புக்குறிக்குள் 'இந்திய நேரம்' என்று சேர்த்திருந்தார்.